வெந்நீர் ஊற்று, தோசை மாவு, மில் குளம்: உயிரின் தோற்றமும் அன்றாட உயிரித் தொழில்நுட்பமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் தென் பேராவில் சுங்காய், பீடோர், சிலிம் ரிவர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. ஒரு பக்கம் செம்பனை மில், இன்னொரு பக்கம் மிச்சமிருக்கும் பால்மரம், சற்றுத் தள்ளிப் போனால் சுங்கை கிளா வெந்நீர் ஊற்று. உயிரின் தொடக்கத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. காற்றில்லாமலே பிழைக்கும் நுண்ணுயிர்கள்தாம் பூமியில் முதலில் வந்தன. தோசை மாவிலும், செம்பனை மில்லின் கழிவுநீர் நிற்கும் குளத்திலும் இன்றைக்கும் வேலை பார்ப்பவை காற்றில்லாமல் பிழைக்கத் தெரிந்தவைதாம். அதனால்தான் இரண்டு தலைப்பையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

உயிர் எப்படித் தோன்றியது என்று கண்டுபிடித்துவிட்டார்களா?

இல்லை. எங்கே, எந்த வரிசையில் என்பதில் இன்னும் சண்டைதான். காலம் மட்டும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறைகள் இருக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 348 கோடி. அதற்குள் உயிர் வந்துவிட்டது.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. டார்வினின் பரிணாமக் கொள்கை, இருக்கிற உயிர் எப்படி மாறியது என்பதைச் சொல்வது. முதல் உயிர் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி, வேறு வகைச் சான்று. விடைத்தாளில் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழைக்க வேண்டாம்.

கருவாட்டில் புழு தானாக வருகிறதே, பிறகு உயிர் தானாகத் தோன்றாது என்று ஏன் சொல்கிறார்கள்?

புழு தானாக வரவில்லை, ஈ வைத்த முட்டையிலிருந்து வருகிறது. இத்தாலியரான பிரான்செஸ்கோ ரேடி 1668இல் இதைக் காட்டினார். இறைச்சி வைத்த சில ஜாடிகளைத் திறந்தே விட்டார். சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். மூடிய ஜாடிக்குள் புழு இல்லை.

நுண்ணுயிர் விஷயத்தில் வழக்கு இன்னும் இருநூறு ஆண்டு இழுத்தது. முடித்துவைத்தவர் லூயி பாஸ்டர், 1860 வாக்கில். சத்து நீர் ஊற்றிய கண்ணாடிக் குடுவையின் கழுத்தை நெருப்பில் காட்டி, அன்னத்தின் கழுத்துபோல வளைத்து இழுத்தார். காற்று உள்ளே போகும். தூசி வளைவிலேயே படிந்துவிடும். கொதிக்கவைத்த நீர் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. குடுவையைச் சாய்த்து நீரை வளைவு வரை ஓடவிட்டுத் திருப்பியதும், சில நாளில் கலங்கியது.

அப்படியானால் முதல் உயிர் மட்டும் எப்படி வந்தது என்று கேட்பது நியாயம்தான். பாஸ்டர் காட்டியது இன்றைய பூமிக்கு, ஒரு குடுவைக்கு, சில மாதங்களுக்குப் பொருந்தும். அன்றைய காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. இன்றைக்கு எங்கேனும் ஒரு குட்டையில் புரதம்போல ஏதாவது உருவானாலும், ஏற்கெனவே இருக்கும் கிருமிகள் உடனே தின்றுவிடும். இதை டார்வினே 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லிவிட்டார்.

மில்லர் குடுவைக்குள் உயிரை உண்டாக்கினாரா?

இல்லை, புரதத்தின் செங்கல்லான அமினோ அமிலத்தை உண்டாக்கினார். ரஷ்யாவில் ஓபாரின் 1924இலும், இங்கிலாந்தில் ஹால்டேன் 1929இலும், ஆக்சிஜன் இல்லாத காற்றில் மின்னலும் புற ஊதாக் கதிரும் பட்டுக் கடலில் உயிர்ப்பொருள்கள் சேர்ந்திருக்கலாம் என்று தனித்தனியே எழுதினார்கள். (ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார்.) இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்தவர் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஸ்டான்லி மில்லர், வழிகாட்டி ஹெரால்டு யூரி. முடிவு வெளிவந்தது 1953இல்.

அமைப்பு எளியது. கீழே நீர் கொதிக்கும் சிறு குடுவை, கடலுக்குப் பதில். மேலே 5 லிட்டர் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன். அதில் இரண்டு மின்முனை, விடாமல் தீப்பொறி. ஆவி மேலே போய், தீப்பொறி பட்டு, குளிர்குழாய் வழியாக நீராகி மறுபடி கீழே வரும். முதல் நாளிலேயே நீர் இளஞ்சிவப்பானது; வாரம் முடிவதற்குள் கருஞ்சிவப்பாகிக் கலங்கியது. கிளைசின், அலனின் போன்றவை அதில் இருந்தன. மில்லர் மூடி வைத்திருந்த பழைய குப்பிகளை, அவர் இறந்த பிறகு, 2008இல் புதிய கருவிகளில் வைத்துப் பார்த்தபோது 20க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் தெரிந்தன.

இதன் பலவீனம் அந்த வாயுக் கலவை. எரிமலைகள் கக்கியது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் நீராவியும்தான் என்று இப்போது கருதுகிறார்கள். அந்தக் கலவையில் விளைச்சல் மிகக் குறைவு. ஆனாலும் சோதனை வீணாகவில்லை. பூமி முழுக்க அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை, எரிமலை வாய்ப் பக்கம் அப்படி இருந்தாலே போதும்.

அமினோ அமிலத்திலிருந்து உயிருக்கு எவ்வளவு தூரம்?

செங்கல் குவியலுக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். சிக்கலின் முடிச்சு இதுதான்: புரதம் செய்ய டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பைப் படிக்கவும் படியெடுக்கவும் புரதம் வேண்டும். எது முதலில்?

டி.என்.ஏ.வின் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ.தான் முதலில் என்பது இன்று வலுவான கருத்து. குறிப்பையும் சுமக்கும், நொதியை (என்சைம்) போல வேதிவினையை முடுக்கும் வேலையும் செய்யும். அப்படி வேலை செய்யும் ஆர்.என்.ஏ.வைக் கண்டதற்காக தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு. 'ஆர்.என்.ஏ. உலகம்' என்று பெயர் வைத்தவர் வால்டர் கில்பர்ட், 1986இல். இந்தக் கருத்துக்கு நல்ல சாட்சி நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது: புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோம். அதன் அமைப்பை நுணுக்கமாகக் காட்டியதற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அந்த இயந்திரத்தில் அமினோ அமிலத்தை ஒன்றோடொன்று இணைக்கும் இடத்தில் இருப்பது புரதம் அல்ல, ஆர்.என்.ஏ. பழைய வீட்டை இடித்துக் கட்டியும் நடுத்தூண் அப்படியே நிற்பது மாதிரி.

குறையும் உண்டு. ஆர்.என்.ஏ. நீரில் சீக்கிரம் அறுந்துபோகும். அதன் துண்டுகளைச் சோதனைச் சாலையில் இயல்பான வழியில் செய்வதே பெரும்பாடாக இருந்தது. 2009இல் ஜான் சதர்லாந்து குழு அவற்றில் இரண்டைச் செய்ய வேறொரு பாதை காட்டியபிறகுதான் நம்பிக்கை வந்தது.

ஆழ்கடலா, சுங்கை கிளா மாதிரி வெந்நீர் ஊற்றா?

இரண்டு கட்சி. கடல் கட்சிக்காரர்கள் காட்டுவது கடலடி வெந்நீர்த் துளைகளை. முதன்முதலில் 1977இல் கலாபகோஸ் அருகே கண்டார்கள். காரத்தன்மையுள்ள வெந்நீர் பாறை வழியாக வெளியேறி, சற்று அமிலமான பழங்கடலோடு சேரும் இடத்தில் இயல்பாகவே அமிலத்தன்மையில் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. நம் உயிரணுக்கள் ஆற்றல் எடுப்பதும் அதே மாதிரியான ஏற்றத்தாழ்விலிருந்துதான். இரும்பும் கந்தகமும் கலந்த பாறைச் சுவர் வினையூக்கி. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சாப்பாடு. இந்தச் சாப்பாட்டில் இன்றும் பிழைக்கும் மீத்தேன் நுண்ணுயிர்கள் கீழே மில் குளத்தில் வருகின்றன.

ஊற்றுக் கட்சிக்காரர்கள் கேட்பது இது: சிறு துண்டுகள் சங்கிலியாகக் கோக்கப்படும்போது ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும், சுற்றிலும் நீராகவே இருந்தால் அது எப்படி நடக்கும்? வெந்நீர்க் குட்டையின் ஓரம் வற்றும், நனையும், மறுபடி வற்றும். வற்றும்போது இணைப்பு உண்டாகும். நனையும்போது கொழுப்புப் படலம் குமிழாகி அவற்றை உள்ளே அடைக்கும். சுங்கை கிளாவில் ஓடையோரக் கல்லில் நீர் ஏறி இறங்கும் இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அதே ஓரம்தான். (கையை விடாதீர்கள், சில இடத்தில் கொதிநிலை.) எங்களுக்குச் சங்கிலி கோக்கும் சிக்கலில் ஊற்றுக் கட்சியும், ஆற்றல் சிக்கலில் கடல் கட்சியும் முன்னே நிற்பதாகத் தோன்றுகிறது.

வானத்திலிருந்து வந்தது என்கிறார்களே?

உயிரே வந்தது என்பதற்குச் சான்று இல்லை. இலங்கையில் பிறந்த சந்திரா விக்ரமசிங்க, பிரெட் ஹாயிலுடன் சேர்ந்து அதைப் பல்லாண்டு வாதாடினார்; பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஏற்றாலும், அங்கே எப்படித் தோன்றியது என்ற கேள்வி பாக்கி. மூலப்பொருள் வந்தது என்பது வேறு, அதற்குச் சான்று நிறைய. ஆஸ்திரேலியாவில் 1969இல் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் அறிவித்த நாசா குழுவில் சிரில் பொன்னம்பெருமா இருந்தார். காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்கு மாறியவர். பென்னு என்ற சிறுகோளிலிருந்து அள்ளிவந்த மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

ஊற்று நீரில் முட்டை வெந்துவிடுகிறது. கிருமி மட்டும் எப்படி வேகாமல் இருக்கிறது?

முட்டை வேகிறது என்றால் அதன் புரதம் மடிப்பவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது என்று பொருள். வெந்நீர் நுண்ணுயிர்களின் புரதம் இன்னும் இறுக்கமாகக் கட்டப்பட்டது, அவிழாது. சுங்கை கிளாவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றின் மரபணுக்களைப் படித்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், கோவிட் நேரத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த பி.சி.ஆர். சோதனைதான். அதில் டி.என்.ஏ.வை ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாக்கிப் பிரிக்க வேண்டும். சாதாரண நொதி முதல் சுற்றிலேயே முட்டைபோல வெந்துவிடும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் கண்டெடுத்த 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' பாக்டீரியாவின் நொதி தாங்கியது. கேரி மல்லிஸ் 1983இல் யோசித்த முறை, அந்த நொதி கிடைத்த பிறகுதான் கிளினிக்குகளுக்கு வரும் அளவுக்கு எளிதானது.

தோசை மாவு சில நாள் பொங்குகிறது, சில நாள் பொங்கவில்லை. ஏன்?

மாவைப் பொங்கவைப்பது 'லியூகோனோஸ்டாக்' என்ற பாக்டீரியா. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஈஸ்ட் போடத் தேவையில்லை. அது சர்க்கரையைத் தின்று அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் விடுகிறது. வாயுவைப் பிடித்துவைப்பது உளுந்தின் வழவழப்பும் புரதமும். ஆகவே இரண்டு கேள்வி கேளுங்கள்: வாயு உண்டானதா, தங்கியதா?

புளித்திருக்கிறது, ஆனால் உப்பவில்லை என்றால் வாயு தங்கவில்லை. உளுந்து பழசு, அல்லது அளவு குறைவு, அல்லது நீர் அதிகம். இட்லிக்கு 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், 4 முதல் 6 மணி நேர ஊறல். உளுந்தைத் தனியாக, பஞ்சுபோல வரும்வரை அரையுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்.

புளிக்கவே இல்லை என்றால் சூடு. மிக்சியில் அரைத்தால் மாவு சுடும். தொட்டால் சுடுகிற மாவில் பாதிக் கிருமி போச்சு. ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். கிரைண்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் 30 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரம் போதும். ஏர்கோன் அறையில் வைத்தால் கூடுதலாகும். ராத்திரி 8 மணிக்கு அரைத்து வெயில் ஏறும்வரை விட்டால் புளிப்புக் கிருமிகள் முந்திக்கொண்டு, நுரை இறங்கி, மேலே நீர் நிற்கும். உப்பை அரைத்ததும் போட்டால் புளிப்பு கொஞ்சம் மெதுவாகும். இந்தச் சூட்டுக்கு அதுவே நல்லது.

கையால் கலக்கினால்தான் பொங்கும் என்பது பாதி உண்மை. கை கலக்குவது நன்றாகக் கலக்குகிறது, அவ்வளவுதான்.

பெட்டிப் பாலில் தயிர் உறையுமா?

உறையும். பெட்டியில் வரும் நீண்டநாள் பால் ஏற்கெனவே 135 டிகிரிக்கு மேல் காய்ச்சப்பட்டது, வெதுவெதுப்பாக்கினால் போதும். பாக்கெட் பாலானால் 85 டிகிரி வரை காய்ச்சி, பத்து நிமிடம் வைத்து, 43 டிகிரிக்கு ஆறவிடுங்கள். சுண்டுவிரல் பத்து எண்ணும்வரை தாங்கும் சூடு. ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறைமோர், 5 முதல் 6 மணி நேரம், அசைக்காமல். உறை அதிகம் போட்டால் கெட்டியாகாது. புளித்து மணல் மணலாக வரும். சூடு போதாமல் இழுத்தடித்தால் கொழகொழவென்று நூல் விடும். கடைத் தயிரை உறைக்கு வாங்கினால் உயிருள்ள கிருமி இருப்பதாக லேபிளில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தாப்பாய், தெம்பே வீட்டில் செய்தால் ஏன் கெட்டுப்போகிறது?

தாப்பாய்க்கு வாங்கும் வெள்ளை உருண்டைக்குப் பெயர் ராகி. கேழ்வரகு என்று எண்ணிவிட வேண்டாம். அதில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்தே இருக்கும். பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். மரவள்ளிக்கிழங்கைக் குழையாமல் அவித்து, முழுக்க ஆறவைத்து, ஈரம் போன பிறகு ராகியைப் பொடித்துத் தூவி, தளர்வாக மூடி, 2 முதல் 3 நாள். கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்: சூட்டோடு தூவினால் ராகி சாகும், மூடியில் வியர்த்த நீர் சொட்டி வேறு பூஞ்சை வரும். எண்ணெய்ப் பாத்திரமும் ஆகாது. நாள் ஆக ஆகச் சாராயம் கூடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்முன் இதை நினைவில் வையுங்கள்.

தெம்பேயில் வேலை பார்ப்பது 'ரைசோபஸ்' பூஞ்சை. தோல் நீக்கி வேகவைத்த சோயாவை நன்றாக உலர்த்தி, சிறிது வினிகர் கலந்து, தூள் தூவி, ஊசியால் துளையிட்ட பையில் 30 டிகிரியில் 24 முதல் 36 மணி நேரம். முதல் 12 மணி நேரத்துக்குப் பிறகு தானே சூடாகத் தொடங்கும்; அப்போது பைகளை அடுக்கி வைத்தால் வெந்து, வழவழத்து, அம்மோனியா வாடை அடிக்கும். தூக்கி எறிய வேண்டியதுதான். துளைப் பக்கம் சாம்பல் நிறமோ கறுப்போ தெரிந்தால் அது பூஞ்சையின் விதைத்தூள், சாப்பிடலாம். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்றால் வேண்டாம்.

குப்பை என்சைம் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

1 பங்கு பழுப்புச் சர்க்கரை, 3 பங்கு பழத்தோல், 10 பங்கு தண்ணீர், மூன்று மாதம் என்று பலரும் போடுகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த வினிகர். நொதி கொஞ்சம் இருக்கலாம். சிங்க் துடைக்கவும் வாடை போக்கவும் வினிகர் செய்வதை இதுவும் செய்யும். ஓசோனைக் காப்பாற்றும் என்பதெல்லாம் கதை. முதல் மாதம் வாயு நிறைய வரும், ஆகவே பிளாஸ்டிக் பாட்டில்தான், மேலே கால் பங்கு காலி விட்டு, தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்த வேண்டும். கண்ணாடி வெடிக்கும். செடிக்கு நேராக ஊற்றினால் வேர் கருகும். மிக முக்கியம்: கழிவறையில் பிளீச்சோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மங்குப் பால் மதியத்துக்குள் ஏன் கட்டியாகிறது?

பால்மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்குபோல ரப்பர், மிச்சம் பெரும்பாலும் நீர். ரப்பர்த் துகளைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் கலந்த உறை. அதில் எதிர் மின்னூட்டம். அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) விழுந்ததும் பாக்டீரியா பாலின் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், மின்னூட்டம் அடங்கும், துகள்கள் ஒட்டும். தயிர் உறைவதும் இதே கணக்குதான். வெயில் ஏறினால் வேகம் கூடும். கழுவாத மங்கில் நேற்றைய கட்டி ஒட்டியிருந்தால் அதுவே உறைமோர். பாலாகவே எடுக்க வேண்டுமானால் மங்கைச் சுத்தமாக வைத்து, சேகரிக்கும் வாளியில் சிறிது அம்மோனியா சேர்ப்பார்கள். தொழிற்சாலையில் அடர்பாலைக் காக்க 0.7 விழுக்காடு வரை. ஷீட்டுக்கு உறையவைக்க ஃபார்மிக் அமிலம். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் அல்ல. மலிவென்று பேட்டரி அமிலம் போட்டால் ரப்பர் சீக்கிரம் கெடும், விலையும் இறங்கும். கட்டிப்பால் நாற்றம் ரப்பரின் நாற்றமில்லை. புரதம் அழுகுவதும் அந்தக் கிருமிகள் விட்ட கொழுப்பமிலமும்தான்.

மில் குளத்தில் குமிழ் வருகிறதே, அது என்ன?

பெரும்பகுதி மீத்தேன். ஒரு டன் குலை அரைத்தால் ஏறத்தாழ அரை முதல் முக்கால் டன் கழிவுநீர், பழுப்பாக, 80 டிகிரிக்கு மேல் சூடாக வெளிவரும். நச்சு எதுவும் சேர்ப்பதில்லை, ஆனால் ஆற்றில் விட்டால் அதைத் தின்னும் கிருமிகள் ஆற்றின் ஆக்சிஜனையெல்லாம் குடித்துவிடும், மீன் சாகும். இந்தப் பசியை அளக்கும் கணக்கில், பச்சைக் கழிவுநீர் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம்போல; வெளியேற்றத்துக்கு 1984இலிருந்து வரம்பு 100.

அந்த இடைவெளியைக் குறைப்பது நான்கு கூட்டம். ஒன்று கொழுப்பையும் மாவையும் உடைக்கும். அடுத்தது அவற்றை அமிலமாக்கும். மூன்றாவது அதை அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கும். கடைசியில் மீத்தேன் ஆர்க்கியா அவற்றைத் தின்று வாயுவாக்கும். இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாவே அல்ல, உயிர் மரத்தின் தனிக் கிளை என்று 1977இல் காட்டியவர் கார்ல் வூஸ். ஆக்சிஜன் பட்டால் தாங்காத, பழைய பூமியின் வாரிசுகள், மெதுவாகப் பெருகுபவை. உச்ச விளைச்சலில் குலை குவிந்து, குளத்துக்கு ஒரேயடியாகக் கழிவை விட்டால் அமிலக் கூட்டம் முந்தும், மீத்தேன் கூட்டம் படுத்துவிடும். குமிழ் நிற்கும், புளித்த வாடை வரும். ஊட்டத்தைக் குறைத்து, நன்றாக ஓடும் குளத்துச் சேற்றைக் கொஞ்சம் கொண்டுவந்து விடுவதுதான் வைத்தியம். மறுபடியும் உறைமோர்தான்.

ஒரு கன மீட்டர் கழிவிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு. அதில் 60 முதல் 65 விழுக்காடு மீத்தேன். மூடி போட்டுப் பிடித்தால் மின்சாரம், திறந்து விட்டால் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. தொட்டிக்குள் ஒருவர் விழுந்துகிடந்தால் தூக்க இறங்கக் கூடாது. காற்றுக் கருவி உள்ளவர்கள்தான் இறங்க வேண்டும்.

நம் செம்பனை மரபணு மாற்றியதா? விழுந்த கொட்டையை முளைக்கவைத்து நடலாமா?

மரபணு மாற்றியதல்ல. தோட்டங்களில் இருப்பது டெனேரா: தடித்த ஓடுள்ள டுராவையும் ஓடில்லாத பிசிபெராவையும் சேர்த்த கலப்பு. ஓடு மெலிந்து சதை கூடியதால் எண்ணெய் கூடுதல். அதன் கொட்டையை நட்டால் சராசரியாக நான்கில் இரண்டுதான் டெனேரா. ஒன்று டுரா, ஒன்று பெரும்பாலும் காய்க்காத பிசிபெரா. நடாதீர்கள், 25 ஆண்டு நஷ்டம். ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் காட்டினார்கள். இப்போது நாற்றின் இலைத்துண்டை வைத்தே பிரிக்கலாம்.

திசு வளர்ப்பு நாற்று வேறு. நல்ல மரத்தின் இளந்திசுவிலிருந்து அச்சு அசலாக நகல் எடுப்பது. 1980களில் இப்படி வளர்த்த மரங்கள் சிலவற்றில் பழத்தைச் சுற்றிக் கூடுதல் இதழ்கள் முளைத்து, எண்ணெய் வைக்காமல் போயின. காரணம் 2015இல்தான் பிடிபட்டது: டி.என்.ஏ.வின் ஒரு துண்டின்மீது இருக்க வேண்டிய வேதிப் பூட்டு, வளர்ப்பின்போது கழன்றுவிடுகிறது. அந்தத் துண்டுக்கு அறிவியலாளர்கள் வைத்த பெயர் 'கர்மா'.

இன்சுலின் பன்றியிலிருந்தா வருகிறது?

இப்போது இல்லை. முன்பு பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். மனித இன்சுலின் மரபணுவை 1978இல் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். 1982இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. இன்று பாக்டீரியாவோ ஈஸ்ட்டோதான் செய்கின்றன. திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஐஸ் அறையை ஒட்டி அல்ல; உறைந்தால் வீண். பயன்பாட்டில் உள்ளது, வகையைப் பொறுத்து, பெரும்பாலும் 28 நாள் அறைச் சூட்டில் தாங்கும்; துண்டுச்சீட்டைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விடவே கூடாது, பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் வேலை செய்யாது.

சைவர்கள் சீஸ் சாப்பிடலாமா?

பாலைத் திரிக்கும் நொதி முன்பு கன்றின் வயிற்றிலிருந்து வந்தது. 1990இலிருந்து அதே நொதியை நுண்ணுயிர்கள் செய்கின்றன. லேபிளில் நுண்ணுயிர் ரென்னட் என்றிருந்தால் சாப்பிடலாம்.

சலவைத்தூளில் என்சைம் என்றால் என்ன செய்யும்?

புரதக் கறையை ஒன்று உடைக்கும், எண்ணெயை ஒன்று, மாவுச்சத்தை ஒன்று. 30 முதல் 40 டிகிரி நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிநீர் ஊற்றினால் நொதி வெந்துவிடும். பிளீச் சேர்த்தாலும் வீண். பட்டுச்சேலைக்கு மட்டும் போடாதீர்கள், பட்டே புரதம். கறையோடு சேலையையும் அரிக்கும். கறிக்குழம்புக் கறையில் எண்ணெய் போகும், மஞ்சள் போகாது. மஞ்சளுக்கு மருந்து வெயில்தான்.

கொசுவை வளர்த்து விடுகிறார்களே, டிங்கி அதிகமாகாதா?

விடுவது 'வோல்பாக்கியா' என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ். அந்தப் பாக்டீரியா உள்ளே இருந்தால் டிங்கிக் கிருமி சரியாகப் பெருகாது. சிலாங்கூரில் 2017 முதல் நடந்த சோதனையில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. இது மரபணு மாற்றமல்ல. மாற்றியது 2010 டிசம்பரில் பெந்தோங் அருகே விட்ட ஆண் கொசுக்கள். அது வேறு சோதனை. பூந்தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டும் வேலை உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பாஸ்டர் சோதனையைச் செய்ய முடியுமா?

முடியும். காய்கறி வேகவைத்த நீர் 400 மில்லிலிட்டரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்து, இரண்டு கண்ணாடி ஜாடியில் பாதிப் பாதி ஊற்றுங்கள். இரண்டின் வாயிலும் பஞ்சை இறுக அடைத்து, மேலே அலுமினியத் தாள். பிரஷர் குக்கரில் 20 நிமிடம். வெறும் கொதி போதாது. சில பாக்டீரியா விதைத்தூள் கொதிநீரிலும் சாகாது, 121 டிகிரி பக்கம் போக வேண்டும். இதைக் கவனிக்காததால்தான் பாஸ்டர் காலத்திலும் சிலருக்கு எதிரான முடிவு வந்தது. ஆறிய பிறகு ஒரு ஜாடியின் பஞ்சை எடுத்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் திறந்தது கலங்கும், அடைத்தது தெளிவாக நிற்கும்.

அடைத்ததும் கலங்கினால் பஞ்சு நனைந்திருக்கும்; நனைந்த பஞ்சு வழியாகக் கிருமி இறங்கிவிடும். ஆகவே ஜாடியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கண்காட்சி முடிந்ததும் கலங்கிய ஜாடியை முகர்ந்து பார்க்க வேண்டாம். பஞ்சை அடைத்து, அதே குக்கரில் மறுபடி 30 நிமிடம் வைத்த பிறகு சிங்கில் ஊற்றுங்கள்.